திரையில் ஆடும் ஊசலை நம்பலாமா? அறிவியல் வகுப்புக்கான சிமுலேஷனைச் சோதித்துத் தேர்வது எப்படி

ஒரு சிமுலேஷனில், அதாவது இயற்கை நிகழ்வைத் திரையில் போலியாக நடத்திக்காட்டும் கணினி நிரலில், ஒரு மீட்டர் நீளத் தனிஊசலை அமையுங்கள். உராய்வு, காற்றுத்தடை இரண்டையும் அணைத்துவிட்டு, குண்டை 90 பாகைக்கு இழுத்து விடுங்கள். 10 அலைவுகளுக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 20.1 வினாடி வந்தால் உள்ளே இருப்பது பாடப்புத்தகச் சூத்திரம். சிறிய கோணங்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் அந்தச் சூத்திரத்தை நிரல் எழுதியவர் எல்லாக் கோணங்களுக்கும் இழுத்துவிட்டார் என்று பொருள். 23.7 வினாடி வந்தால் இயக்கச் சமன்பாட்டை நிரல் உண்மையிலேயே தீர்க்கிறது. ஐந்து நிமிட வேலைதான் இது. ஆனாலும் இந்தச் செய்தி எந்த விளம்பரப் பக்கத்திலும் கிடைக்காது, பயனர்கள் போட்ட நட்சத்திரங்களிலும் கிடைக்காது.

20.1 காட்டும் சிமுலேஷன் உதவாதா என்றால், அது பாடத்தைப் பொறுத்தது. 10 பாகையில் சூத்திரத்துக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாடு 0.2 சதவீதம், 20 பாகையில் 0.8, 30 பாகையில் 1.7. கை நிறுத்துக்கடிகாரத்தால் இவற்றைப் பிரித்தறிவது கடினம். 60 பாகையில் வேறுபாடு 7 சதவீதத்தைத் தாண்டுகிறது. 90 பாகையில் 18 சதவீதம். ‘நீளம் மாறினால் அலைவுநேரம் எப்படி மாறும்’ என்பதுதான் அன்றைய கேள்வி என்றால் எளிய நிரலே போதும், கோணத்தை 20 பாகைக்குள் அது பூட்டியிருந்தால். பூட்டாமல் 90 வரை இழுக்கவிட்டு, அங்கேயும் அதே 20.1ஐக் காட்டினால்தான் வம்பு. ‘வீச்சு எவ்வளவானாலும் நேரம் மாறாது’ என்று மாணவர் தன் கண்ணாலேயே பார்த்து, அளந்து, குறித்துக்கொள்கிறார். புத்தகத்தில் படித்த தவறைத் திருத்திவிடலாம். தானே அளந்து கண்ட தவறு அவ்வளவு எளிதில் போகாது.

எல்லா மாதிரிகளும் எதையோ விட்டுவிடுகின்றன. விடாவிட்டால் அது மாதிரியே இல்லை. எதை விட்டிருக்கிறது, விட்டது இந்தப் பாடத்தைத் தொடுகிறதா, அந்த எல்லையை மாணவர் தாண்டும்போது திரை எச்சரிக்கிறதா என்ற மூன்றையும் கண்டுபிடிப்பதுதான் மதிப்பீட்டாளரின் வேலை. மற்றவையெல்லாம் இதற்குப் பிறகு.

முதலில் கேள்வி, பிறகு கருவி

‘மின்சாரத்துக்கு ஒரு நல்ல சிமுலேஷன்’ என்று தேடத் தொடங்கினால் அழகானதுதான் கையில் வரும். அதற்குப் பதிலாக, பாடம் முடிந்ததும் மாணவர் எதைச் செய்துகாட்ட வேண்டும் என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதிக்கொள்ளுங்கள். ‘தொடரிணைப்பில் பல்புக்கு முன்னும் பின்னும் மின்னோட்டம் ஒன்றே என்பதைத் தானே அளந்து காட்ட வேண்டும்’ என்று எழுதியதுமே தேவைகள் தெளிவாகிவிடும். அம்மீட்டரைச் சுற்றின் எந்த இடத்திலும் செருக முடிய வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு அம்மீட்டர்கள் வைக்க முடிய வேண்டும். மின்னோட்டம் பல்பில் ‘செலவாகிவிடும்’ என்று நம்பும் மாணவர், அந்த நம்பிக்கையை வைத்து முன்கூட்டியே ஒரு எண்ணைச் சொல்லித் தோற்க இடம் இருக்க வேண்டும். ஒரே ஒரு அம்மீட்டரை ஒரே இடத்தில் பொருத்திவைத்திருக்கும் சிமுலேஷன், எவ்வளவு மினுமினுத்தாலும், இந்த வாக்கியத்துக்கு உதவாது.

சிமுலேஷன் என்ற பெயரில் வருபவற்றில் ஒரு பகுதி வெறும் அசைபடம் என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஸ்லைடரை 37இல் வைத்துப் பாருங்கள், பிறகு 38இல். விளைவு மாறவில்லை, 40க்குப் போனதும் சட்டென்று தாவுகிறது என்றால், உள்ளே நான்கைந்து படங்களைத் தயாராக வைத்து மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். விளக்கிச் சொல்ல அதுவும் பயன்படும். ஆராய்ந்து பார்க்கப் பயன்படாது.

கணக்கு போட்டுப் பார்ப்பது

கையால் விடை காணக்கூடிய சில நிலைகளைச் சிமுலேஷனிடம் கொடுத்து ஒப்பிட வேண்டும். 20 மீட்டர் உயரத்திலிருந்து விட்ட பொருள், காற்று இல்லாதபோது, 2.02 வினாடியில் 19.8 மீ/வி வேகத்தில் தரையைத் தொட வேண்டும். 20 மீ/வி வேகத்தில் 45 பாகையில் எறிந்தால் நெடுக்கம், அதாவது விழும் தொலைவு, 40.8 மீட்டர். 30 பாகையிலும் 60 பாகையிலும் அது ஒன்றேயாக, 35.3 மீட்டராக, இருக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னது பல சிமுலேஷன்களில் பொருந்தி வராது. அதற்கு நிரலில் பிழை இருக்க வேண்டும் என்பதில்லை. பீரங்கியின் வாய் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் வரையப்பட்டிருந்தால், 30 பாகையில் குண்டு 37.0 மீட்டரிலும் 60 பாகையில் 35.9 மீட்டரிலும் விழும். கணக்கு சரி, ஏவும் உயரம்தான் வேறு. முன்கூட்டியே இதைப் பார்க்காத ஆசிரியர், வகுப்பில் யாராவது ‘ரெண்டும் ஒண்ணா வரலையே’ என்று கேட்டதும் திணறுவார். பார்த்து வைத்தவருக்கு அதுவே நல்ல கேள்வியாகிவிடும்.

இன்னும் நுட்பமான கோளாறு ஒன்று உண்டு. கணினி காலத்தைத் துண்டு துண்டாக நகர்த்தித்தான் இயக்கத்தைக் கணக்கிடுகிறது. ஆய்லர் முறை எனப்படும் எளிய வழியில், இப்போதைய வேகத்தை வைத்து அடுத்த இடத்தையும், இப்போதைய விசையை வைத்து அடுத்த வேகத்தையும் நிரல் கண்டுகொள்கிறது. எழுத இரண்டே வரி. ஆனால் ஒவ்வொரு படியிலும் ஆற்றல் கொஞ்சம் கூடிவிடுகிறது. 1 கிலோ நிறை, மீட்டருக்கு 10 நியூட்டன் மாறிலி உள்ள சுருள்வில், படிக்கு 0.02 வினாடி என்று வைத்துக்கொள்வோம். படிக்கு 0.4 சதவீதம் ஆற்றல் ஏறும். ஒரு அலைவுக்கு ஏறத்தாழ 100 படிகள் என்பதால், 10 செ.மீ. வீச்சில் தொடங்கிய ஆட்டம் ஒரே அலைவில் 12.2 செ.மீ. ஆகிவிடும், பத்தாவது அலைவில் 70 செ.மீ.க்கு மேல் போய்விடும். கோள்களின் இயக்கத்தில் இதே கோளாறு, பூமி சுருள் சுருளாகச் சூரியனை விட்டு விலகிப்போவதாகத் தெரியும். புதிய வேகத்தைக் கொண்டு இடத்தைக் கணக்கிடும்படி அந்த இரண்டு வரிகளின் வரிசையை மாற்றினாலே ஆற்றல் ஒரு எல்லைக்குள் நிற்கும். செய்யத் தெரியாதவர்கள் கொஞ்சம் உராய்வைச் சேர்த்து மறைத்துவிடுவதும் உண்டு. அப்போது ‘உராய்வு: பூஜ்யம்’ என்று திரை சொல்லும், ஆட்டமோ மெல்ல அடங்கும். எனவே உராய்வை அணைத்துவிட்டு 50 அலைவுகள் ஓடவிட்டுப் பாருங்கள். வீச்சு கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

இதையே வகுப்பில் இருக்கும் மிகப் பழைய டேப்லெட்டிலும் செய்து பார்க்க வேண்டும். காலப்படியைத் திரைப் புதுப்பிப்போடு கட்டிவைத்திருக்கும் நிரல், வினாடிக்கு 60 முறை வரையும் கணினியில் ஒரு விடையும், 20 முறை மட்டுமே வரைய முடிகிற கருவியில் வேறொரு விடையும் தரும். இரண்டு குழுக்கள் ஒரே சோதனையைச் செய்து வெவ்வேறு விடையோடு வந்து நிற்கும்; காரணம் இயற்பியலில் இல்லை, கருவியின் வேகத்தில் இருக்கிறது. அரட்டை நிரல்களிடம் கேட்டு நொடியில் ஒரு சிமுலேஷனை எழுதி வாங்கும் வழக்கம் இப்போது பரவுகிறது. அவை தருவதையும் இதே சல்லடையில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பொத்தான்கள் பளிச்சென்று இருக்கும், உள்ளே அதே பழைய ஆய்லர் உட்கார்ந்திருக்கலாம்.

தற்செயல் கலந்த பாடங்களுக்குச் சோதனை நேர்மாறு. கதிரியக்கச் சிதைவில் 100 அணுக்கருக்களோடு தொடங்கினால், ஒரு அரைஆயுட்காலத்துக்குப் பின் சராசரியாக 50 மிஞ்சும். ஆனால் ஒவ்வொரு முறையும் 50 வராது. திட்டவிலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறும் என்ற அளவு) 5. எனவே 44, 53, 57 என்று எண் அலைய வேண்டும். இருபது முறையில் ஒரு தடவையாவது 40க்குக் கீழோ 60க்கு மேலோ போனால் வியப்பில்லை. பத்து முறை ஓட்டியும் பத்து முறையும் 50 என்றே வந்தால், நிரல் வளைகோட்டை வரைகிறதே தவிர அணுக்கருக்களைச் சிதைக்கவில்லை. 10 அணுக்கருக்கள் மட்டும் வைத்தால் சரியாக 5 மிஞ்சுவது நான்கில் ஒரு முறைதான். அரைஆயுட்காலம் என்பது பெரிய எண்ணிக்கைக்கான விதி என்பதை இதைவிட எளிதாகக் காட்ட வழியில்லை. கட்டுப்பாட்டில் அணுக்கருக்களின் எண்ணிக்கையை மாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

மின்சுற்று: பொம்மைக்கும் பொருளுக்கும் நடுவில்

பள்ளிகளில் அதிகம் பயன்படுபவற்றிலும் அதிகம் ஆராயப்பட்டவற்றிலும் ஒன்று மின்சுற்றுச் சிமுலேஷன். இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் (PhET) என்னும் சிமுலேஷன் திட்டத்தின் மின்சுற்றுப் பெட்டி இதில் பெயர் பெற்றது. அதை வைத்துக் கல்லூரி மாணவர்களிடம் செய்து 2005இல் வெளியான ஆய்வு ஒன்றில், திரையில் சுற்றுகளைக் கட்டிப் பழகியவர்கள், உண்மையான கம்பி, பல்புகளோடு பழகியவர்களைவிடக் கருத்துக் கேள்விகளில் நன்றாகச் செய்தார்கள். பிறகு உண்மைப் பொருள்களைக் கையில் கொடுத்துச் சுற்று கட்டச் சொன்னபோதும் முன்னிலையில் இருந்தார்கள். திரையில் எலக்ட்ரான்கள் நகர்வது தெரிகிறது, தளர்ந்த இணைப்பு, தீர்ந்துபோன மின்கலம் போன்ற இடைஞ்சல்கள் இல்லை என்பன பொருந்தும் விளக்கங்கள். இந்த ஆய்வை மேற்கோள் காட்டி ‘ஆய்வகமே வேண்டாம்’ என்று விற்பவர்களும் உண்டு. ஆய்வு சொன்னது மின்சுற்றுக் கருத்துகளைப் பற்றி. பியூரெட்டைப் (திரவத்தைத் துளித்துளியாக அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) பிடிப்பது பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பாடத்திலேயே திரை சொல்லும் பொய்கள் மூன்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஒன்று, எலக்ட்ரான்களின் வேகம். திரையில் அவை எறும்பு வரிசைபோல் ஓடும். 1 சதுர மி.மீ. குறுக்குவெட்டுள்ள தாமிரக் கம்பியில் 1 ஆம்பியர் பாயும்போது அவற்றின் சராசரி நகர்வு வினாடிக்கு 0.07 மி.மீ.; ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்றே முக்கால் மணி நேரம். ‘அப்படின்னா சுவிட்சைப் போட்டதும் பல்பு எப்படி உடனே எரியுது?’ என்ற கேள்வி பிறக்கிற இடம் இது. திரையை மட்டும் பார்த்தால் அந்தக் கேள்வி எழவே எழாது.

இரண்டு, மின்கலம். அக மின்தடை, அதாவது மின்கலத்துக்குள்ளேயே இருக்கும் மின்தடை, இல்லாத 1.5 வோல்ட் மின்கலத்தில் எத்தனை பல்புகளைப் பக்க இணைப்பில் மாட்டினாலும் ஒளி குறையாது. அக மின்தடை 0.5 ஓம், பல்புக்கு 10 ஓம் என்று வைத்துக் கணக்கிடுங்கள்: ஒரு பல்பு மட்டும் இருந்தால் அதன் முனைகளுக்கிடையே 1.43 வோல்ட், இரண்டானால் 1.36, நான்கானால் 1.25. நான்கு பல்புகளில் ஒவ்வொன்றின் திறனும் தனிப் பல்பின் திறனைவிட 23 சதவீதம் குறைவு, கண்ணுக்கே தெரியும். திரையில் ஒளி மாறவில்லை என்று எழுதிவிட்டு, மேசையில் மங்குவதைப் பார்க்கும் மாணவர், ஏதோ ஒன்று பொய் என்று நினைப்பார். அக மின்தடைக்கு ஒரு ஸ்லைடர் இருக்கிறதா, அது எந்த மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது என்று முன்பே பார்த்துவையுங்கள்.

மூன்றாவது, பல்பே. இழைப் பல்பின் மின்தடை சூட்டோடு பல மடங்கு ஏறும். பல சிமுலேஷன்கள் அதை நிலையான மின்தடையாகவே வைத்திருக்கின்றன. இரண்டு பல்புகளைத் தொடரில் மாட்டினால் திரையில் மின்னோட்டம் சரிபாதியாகும். மேசையில் பாதியைவிடக் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் இரண்டு இழைகளும் அவ்வளவு சூடாகவில்லை. ஓம் விதியைச் சொல்லித்தரும் வகுப்பில் நிலையான மின்தடை வசதிதான். திரையையும் மேசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வகுப்பு என்றால், பல்புக்குப் பதில் மின்தடையத்தைப் பயன்படுத்துங்கள்.

படம் சொல்லும் பொய்

எண்கள் சரியாக இருந்தும் வரைபடம் தவறு சொல்லலாம். சூரியக் குடும்பச் சிமுலேஷன்கள் பெரும்பாலும் பூமியின் பாதையைச் சாய்வாகப் பார்ப்பதுபோல் வரைகின்றன. வட்டத்தைச் சாய்த்துப் பார்த்தால் நீள்வட்டமாகத் தெரியும். ‘பூமி கிட்டே வந்தால் கோடை, தள்ளிப் போனால் குளிர்’ என்ற பழைய தவறான எண்ணத்துக்கு அந்தப் படமே சாட்சியாகிவிடுகிறது. உண்மையில் தொலைவு 147.1 மில்லியன் கி.மீ.க்கும் 152.1 மில்லியன் கி.மீ.க்கும் இடையில்தான் மாறுகிறது. பூமி மிக அருகில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில். பருவங்களுக்குக் காரணம் 23.4 பாகை அச்சுச் சாய்வு. பார்வைக் கோணத்தை மாற்றி நேர் மேலிருந்து பார்க்க முடிகிறதா என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய ஒரே கேள்வி.

அளவுத்திட்டம் இன்னொன்று. பூமியை ஒரே ஒரு படப்புள்ளியாக வைத்தால் சூரியன் 109 புள்ளி அகலம். இரண்டுக்கும் இடைத்தொலைவு ஏறக்குறைய 11,740 புள்ளி. 1920 புள்ளி அகலத் திரைகள் ஆறை வரிசையாக வைத்தாலும் சற்று மிஞ்சும். ஆகவே எந்தச் சிமுலேஷனும் ஒரே திரையில் அளவுப்படி காட்ட முடியாது. அதைக் குறை சொல்வதில் பொருளில்லை. ‘அளவுப்படி இல்லை’ என்று திரையில் எழுதியிருக்கிறதா, உண்மை அளவுக்கு மாற்றிப் பார்க்க ஒரு பொத்தான் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வேதியியலில் இதற்கு நிகரானது துகள் படம். திண்மத்தில் நெருக்கம், திரவத்தில் கொஞ்சம் இடைவெளி, வாயுவில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று மூன்று படிகளாக வரைவார்கள். திரவத் துகள்கள் ஏறக்குறைய திண்மத்தைப் போலவே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. காற்றிலோ மூலக்கூறுகளின் சராசரி இடைவெளி அவற்றின் விட்டத்தைப்போல் சுமார் பத்து மடங்கு. நீரைப் பற்றிய சிமுலேஷன் என்றால், உறையும்போது அமைப்பு விரிகிறதா என்று பாருங்கள். பனிக்கட்டியின் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.917 கிராம், அதனால்தான் மிதக்கிறது. ‘நீர்’ என்று பெயர் போட்டுவிட்டுத் திண்மத்தை மேலும் நெருக்கமாகக் காட்டுவது பொதுவான துகள் மாதிரி. அதை ஆர்கானுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எதைத் திரைக்கு விடக் கூடாது

பிழை என்பதே இல்லாத உலகம் பெரும்பாலான சிமுலேஷன்களுக்குள் இருக்கும் உலகம். ஒரே அளவை பத்து முறை எடுத்தாலும் கடைசி இலக்கம் வரை ஒன்றே வரும். அளவீட்டு நிச்சயமின்மை, சராசரி எடுப்பது, விலகிய புள்ளியை என்ன செய்வது ஆகியவற்றை அதில் கற்பிக்க முடியாது.

அமிலத்தின் செறிவைக் காரத்தைத் துளித்துளியாகச் சேர்த்துக் கண்டுபிடிக்கும் தரம்பார்த்தல் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் குழாயைத் திறக்கும் ஸ்லைடர், நிறம் மாறும் கூம்புக் குடுவை, கன அளவைக் காட்டும் எண் எல்லாம் இருக்கும். பியூரெட்டின் நுனியில் காற்றுக் குமிழி இருக்காது. அந்தக் குமிழி பாதியில் வெளியேறி அளவீட்டைக் கெடுக்காது. திரவத்தின் வளைந்த மேற்பரப்பான பிறைத்தளத்தைக் கண் மட்டத்தில் பார்க்காமல் மேலிருந்து பார்த்ததால் வரும் பிழை இருக்காது. முடிவுநிலைக்கு அருகில் சுமார் 0.05 மி.லி. கொண்ட ஒரே ஒரு துளியை நுனியில் தொங்கவிட்டு, குடுவையின் உள்சுவரில் தொட்டு எடுக்கும் கைப்பழக்கம் வராது. சமன்பாட்டையும் பிஎச் வளைகோட்டையும் புரிந்துகொள்ளத் திரை சிறந்தது. ஒரு பாடவேளையில் ஐந்து வெவ்வேறு அமிலங்களைப் பார்த்துவிடலாம். கைத்திறன் கணக்கில் சேருமானால் கண்ணாடிக் கருவி வந்தே ஆக வேண்டும். இரண்டும் உண்டு என்றால் எது முதலில் என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. கருத்து புதிதாக இருந்தால் திரையை முன்னும், நிகழ்வே புதிதாக இருந்தால் பொருளை முன்னும் வைப்பது பெரும்பாலும் சரிவரும்.

மிக மெதுவானது, மிக வேகமானது, மிகச் சிறியது, ஆபத்தானது, பல தலைமுறை பிடிப்பது: திரைக்கு இடம் இங்கேதான் மிகப் பெரிது. இயற்கைத் தேர்வை ஒரு பாடவேளையில் நாற்பது தலைமுறை ஓட்டிப் பார்ப்பதற்கு வேறு வழி ஏது?

மாணவர் கையில் கொடுத்துப் பார்த்தல்

ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து மதிப்பிட்டால் பாதிதான் தெரியும். நான்கைந்து மாணவர்களை, இருவருக்கு ஒரு கருவியாக, உட்காரவையுங்கள். செய்முறைத் தாள் வேண்டாம். ஒரு கேள்வி மட்டும். ‘இந்தப் பல்பை இன்னும் பிரகாசமாக எரியவைக்க எத்தனை வழி?’ ஐந்து முதல் ஏழு நிமிடம் எதுவும் சொல்லாமல், அவர்கள் பேசுவதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா ஸ்லைடர்களையும் உச்சத்துக்குத் தள்ளுவதும், எதையாவது தீப்பிடிக்கவைக்கப் பார்ப்பதும் முதல் இரண்டு நிமிடம் நடக்கும், அது நல்லதே. மூன்றாவது நிமிடத்தில் ‘ஒண்ணை மட்டும் மாத்திப் பாரு’ என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால் கருவி வேலை செய்கிறது. ஏழாவது நிமிடத்திலும் தீ வைத்துக்கொண்டிருந்தால் ஒன்று கேள்வி மோசம், அல்லது ஒரே நேரத்தில் மாற்றக்கூடியவை மிக அதிகம். பத்து கட்டுப்பாடுகள் ஒன்றாகத் திறந்திருக்கும் திரையில் எது எதை மாற்றியது என்று பெரியவர்களுக்கே தெரிவதில்லை. சிலவற்றை மறைத்துவைக்கும் வசதி இருந்தால் அது பெரிய பலம்.

மூன்று பேருக்கு ஒரு கருவி என்றால் மூன்றாமவர் பார்வையாளர். இடம் மாற்றிக்கொள்ளச் சொன்னாலும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள்.

செய்முறைத் தாளில் ‘மின்னழுத்தத்தை 4 வோல்ட்டில் வை, மின்னோட்டத்தைக் குறி, 6 வோல்ட்டில் வை, குறி’ என்று எழுதிக்கொடுத்தால், எவ்வளவு நல்ல சிமுலேஷனும் எண்களை நகலெடுக்கும் இயந்திரமாகிவிடும். ‘என்ன நடக்கும் என்று முதலில் எழுது, பிறகு ஓட்டிப் பார், வேறுபட்டால் ஏன் என்று சொல்’ என்ற மூன்று வரிகள் போதும். முன்கணிப்பைப் பேனாவால் எழுதவைக்க வேண்டும். வாயால் சொன்னதைப் பிறகு மாற்றிச் சொல்லிவிடுவார்கள்.

கற்றல் கூடியதா என்று அளக்க விரும்பினால், ஒரே கேள்வித்தாளை முன்னும் பின்னும் கொடுத்து, மிச்சமிருந்த இடைவெளியில் எவ்வளவு நிரம்பியது என்று கணக்கிடும் வழக்கம் உண்டு. முன் 40, பின் 61 என்றால், மிச்சமிருந்த 60இல் 21 ஏறியது, விகிதம் 0.35. இந்த அளவுகோலைப் பரவலாக்கிய ரிச்சர்டு ஹேக் 1998இல், 62 இயற்பியல் வகுப்புகளில் படித்த 6,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவைத் தொகுத்தபோது, விரிவுரை வகுப்புகளின் சராசரி 0.23 என்றும், மாணவரை ஈடுபடுத்தும் வகுப்புகளின் சராசரி 0.48 என்றும் வந்தது. அது சிமுலேஷனைப் பற்றிய ஆய்வு இல்லை. ஆனாலும் ஒப்பிட ஒரு அடையாளக் கல்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. 35 பேர் கொண்ட இரண்டு பிரிவுகள், மதிப்பெண்களின் திட்டவிலக்கம் 20 என்றால், சராசரிகளுக்கு இடையே 5 மதிப்பெண் வேறுபாடு தற்செயலாகவே வந்துவிடும். ஒரே பள்ளியில் ஒரே முறை செய்து ‘5 மதிப்பெண் கூடியது’ என்று முடிவு கட்டக் கூடாது. சிமுலேஷனின் திரைக்காட்சியையே கேள்வித்தாளில் போட்டுக் கேட்பதும் ஏமாற்று. அதைப் பார்த்தவருக்கு அது நினைவாற்றல் சோதனை. மூன்று வாரம் கழித்து, வேறு படத்தோடு, முடிந்தால் உண்மைப் பொருளோடு கேளுங்கள். புதுமையின் கவர்ச்சியும் அதற்குள் வடிந்திருக்கும்.

வகுப்பறையின் வறட்டுக் கணக்கு

8 எம்பி அளவுள்ள சிமுலேஷனை 20 டேப்லெட்டுகள் ஒரே நேரத்தில் இறக்கினால் 160 எம்பி. வினாடிக்கு 10 மெகாபிட் இணைப்பில், தடையே இல்லாவிட்டாலும், இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். நடைமுறையில் இன்னும் கூடும். முதல் நாளே இறக்கிவைக்க முடிகிற ஒற்றைக் கோப்புச் சிமுலேஷன் இங்கே தங்கம். மாணவர் ஒவ்வொருவரும் கணக்குத் தொடங்க வேண்டும் என்று கேட்பது இரட்டைத் தொல்லை: கடவுச்சொல் மறந்தவர்களால் பத்து நிமிடம் போகும், குழந்தைகளின் பெயரும் மின்னஞ்சலும் எங்கோ ஒரு வழங்கியில் போய் உட்காரும்.

நீடிப்பும் கணக்கில் வர வேண்டும். உலாவியில் அசைபடங்களை ஓட்டிவந்த ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தது. அடுத்த ஜனவரி 12 முதல் அதன் உள்ளடக்கம் ஓடுவதும் தடுக்கப்பட்டது. அதில் எழுதப்பட்டிருந்த எண்ணற்ற சிமுலேஷன்கள் ஒரே மாதத்தில் பாடத்திட்டங்களிலிருந்து காணாமல் போயின. உலாவிகளே நேரடியாக ஓட்டும் எச்டிஎம்எல்5க்கு மாற்றி எழுதப்பட்டவை தப்பின. வாங்கும் முன், இணையம் இல்லாமல் ஓடுமா, சந்தா முடிந்தபின் கையில் என்ன மிஞ்சும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடைசி வரிசையிலிருந்து எழுத்து தெரிகிறதா, சிவப்பையும் பச்சையையும் மட்டும் நம்பி எதையாவது வேறுபடுத்துகிறதா, விசைப்பலகையால் மட்டும் இயக்க முடிகிறதா, வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் ஒளி எங்காவது உண்டா, ‘மீட்டமை’ பொத்தான் எல்லாவற்றையும் உண்மையிலேயே தொடக்க நிலைக்குக் கொண்டுவருகிறதா என்பவை சின்னச் சோதனைகள். தவறவிட்டால் பெரிய தலைவலி. கண்ணில் மாட்டும் முப்பரிமாணக் கருவிகளுக்கு இன்னொன்றும் சேரும்: மாணவர் என்ன பார்க்கிறார் என்று ஆசிரியருக்குத் தெரியாது. அந்தக் காட்சியை வெளித்திரையில் காட்ட வழியில்லை என்றால் வகுப்பு நடத்துவது கடினம், தலைசுற்றல் தனி.

மதிப்பெண் போடுவதில் உள்ள ஓட்டை

பல மதிப்பீட்டுப் படிவங்கள் வடிவமைப்புக்கு 20, ஈர்ப்புக்கு 20, துல்லியத்துக்கு 20 என்று ஐந்து பிரிவுகளுக்குப் போட்டுக் கூட்டச் சொல்கின்றன. ஆற்றல் தானாக ஏறும் சிமுலேஷன் துல்லியத்தில் 5 வாங்கி, மற்றவற்றில் அள்ளி, 85 மதிப்பெண்ணோடு முதலிடம் பிடித்துவிடும். கூட்டக் கூடாதவை இவை. பாடத்துக்குத் தேவையான எல்லைக்குள்ளேயே கணக்குச் சோதனையில் தோற்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பழைய டேப்லெட்டில் ஓடாவிட்டாலும் அப்படியே. இந்தக் கதவுகளைத் தாண்டி வந்தவற்றுக்குள் மட்டும் அழகையும் வசதியையும் ஒப்பிடுங்கள்.

தேர்ந்தெடுத்ததும் ஒவ்வொரு சிமுலேஷனுக்கும் அரைப் பக்கக் குறிப்பு ஒன்றைச் செய்முறைத் தாளின் பின்புறம் ஒட்டிவிடலாம். முதலில் சொன்ன ஊசலுக்கு அது இப்படி இருக்கும்: ‘நீளம், ஈர்ப்பு முடுக்கம் ஆகியவற்றை ஆராயலாம். கோணம் 20 பாகைக்கு மேல் வேண்டாம். சிறு கோணச் சூத்திரம் மட்டுமே உள்ளது. 90 பாகையில் 10 அலைவுக்கு 20.1 வினாடி காட்டியது, வர வேண்டியது 23.7. அளவீட்டுப் பிழை காட்டாது. பழைய டேப்லெட்டில் சரிபார்த்தது. உலாவி புதுப்பிக்கப்பட்டால் 50 அலைவுச் சோதனையைத் திரும்பச் செய்யவும். மேசையில் நூலும் குண்டும் வைத்து 60 பாகையிலிருந்து விட்டு ஒப்பிடுக. ஆட்டம் அடங்கும் முன் முதல் ஐந்து அலைவுகளை மட்டும் எண்ணவும்.’